அறுத்து எடுக்காத பாசி கணக்கில் சேராது

பவளத் தொட்டிக்குள் தீனி போவதற்கு வழி இருக்கிறது, வெளியே வருவதற்குத்தான் வழி குறைவு. மீன் தின்கிறது, கழிக்கிறது. தின்னாமல் விட்டது பாறை இடுக்கில் அழுகுகிறது. எல்லாம் முதலில் அம்மோனியாவாகிறது. பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கி விடுகிறது. பெரும்பாலான தொட்டிகளில் பயணம் அதோடு நின்றுவிடும். பாறையின் உட்புறத்தில் ஆக்சிஜன் எட்டாத இடங்களில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்புகின்றன என்றாலும், நன்றாகத் தீனி போடும் தொட்டிக்கு அந்த வேகம் போதாது. பாஸ்பரஸுக்கு அந்த வழியும் கிடையாது. தீனியோடு உள்ளே வந்த பாஸ்பரஸை நாமாக எடுத்து வெளியே போடும்வரை அது நீரிலோ, பாறையிலோ, மணலிலோ, ஏதோ ஓர் உயிரின் உடம்பிலோ உள்ளேயேதான் இருக்கும்.

இது மனதில் பதிந்துவிட்டால் சம்ப்பில், அதாவது தொட்டிக்குக் கீழே அதே நீர் சுற்றிவரும் துணைத் தொட்டியில், கடற்பாசி வளர்ப்பது பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பாசி எதையும் அழிப்பதில்லை. நீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுத்துத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த உடம்பு தொட்டிக்குள் இருக்கும்வரை சத்தும் தொட்டிக்குள்தான். ஒரு பிடி அறுத்து வாளியில் போடும்போதுதான் தீனியாக உள்ளே வந்ததில் ஒரு பங்கு உண்மையில் வெளியேறுகிறது. ரெஃபூஜியம் (சம்ப்பில் பாசி வளர்க்கும் பகுதி) வைத்திருக்கும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி "நைட்ரேட் எவ்வளவு?" என்பதல்ல. "கடைசியாக எப்போது பாசி எடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள்?" என்றுதான் கேட்பேன். பலரிடம் பதில் இருக்காது. கீட்டோ என்ற இழைப்பாசியின் பந்து சம்ப் முழுக்க அடைத்துக்கொண்டு பச்சையாக நிற்பதைப் பெருமையாகக் காட்டுவார்கள். அடைத்துக்கொண்டு நிற்கும் பாசி வளர இடமில்லாத பாசி. வளராத பாசி எதையும் உறிஞ்சுவதில்லை.

பாசியைக் கொண்டு நீரின் சத்தைக் கட்டுப்படுத்தும் யோசனை பழையது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆய்வாளர் வால்டர் ஏடி, வாஷிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1980-இல் திறக்கப்பட்ட பவளப்பாறைத் தொட்டியை இந்த முறையில்தான் நடத்தினார். வலைத்திரையின்மேல் அலை அலையாக நீர் பாயும். மேலே பலமான விளக்கு. திரையில் குட்டையான பாசி மெத்தைபோல் படரும். அதை அவ்வப்போது சுரண்டி எடுப்பார்கள். இன்று நாம் 'ஸ்க்ரப்பர்' என்று சொல்லும் கருவியின் மூலவடிவம் அதுதான். அவருடைய முறையில் சுரண்டுவது பராமரிப்பு வேலை கிடையாது. அதுதான் முறையே. ரெஃபூஜியம் என்று நாம் அதைப் பெரிய இலைப் பாசிகளுக்கு மாற்றிக்கொண்டபோது இந்த விஷயம் எங்கோ நழுவிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொட்டி 200 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 45 சதவீதம் புரதமும் 1 சதவீதம் பாஸ்பரஸும் உள்ள உலர் தீனி ஒரு கிராம் போடுகிறோம். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 72 மில்லிகிராம் நைட்ரஜன், 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். முழுவதும் நீரில் கரைந்தால் நைட்ரேட் 1.6 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) ஏறும், பாஸ்பேட் 0.15 பிபிஎம் ஏறும். ஒரே ஒரு கிராமுக்கு இவ்வளவு! பாஸ்பேட்டை 0.1-க்குள் வைத்திருக்கப் பாடுபடுகிறவர்களுக்கு இந்த எண்ணின் கனம் புரியும்.

இப்போது எதிர்ப்பக்கம். கடலடியில் வளரும் தாவரங்களையும் பாசிகளையும் பல இடங்களிலிருந்து சேகரித்து அலசிய அட்கின்ஸன், ஸ்மித் இருவரும் 1983-இல் ஒரு விகிதத்தை வெளியிட்டார்கள்: கார்பன் 550, நைட்ரஜன் 30, பாஸ்பரஸ் 1. இது அணுக்களின் எண்ணிக்கை விகிதம். அதுவும் இடைநிலை மதிப்புதான், ஒவ்வொரு பாசியும் இதிலிருந்து கூடும், குறையும். இதை வைத்துக்கொண்டு, உலர் எடையில் 30 சதவீதம் கார்பன் என்றும், ஈரப் பாசியில் பத்தில் ஒரு பங்குதான் உலர் எடை என்றும் எடுத்துக்கொண்டால், பிழிந்த 100 கிராம் பாசியில் கிட்டத்தட்ட 0.2 கிராம் நைட்ரஜனும் 14 மில்லிகிராம் பாஸ்பரஸும் இருக்கும். 200 லிட்டரில் இது சுமார் 4.4 பிபிஎம் நைட்ரேட்டுக்கும் 0.2 பிபிஎம் பாஸ்பேட்டுக்கும் சமம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த 100 கிராம் பாசி, ஏறத்தாழ 2.8 கிராம் தீனியின் நைட்ரஜனை வெளியே கொண்டுபோகிறது. பாஸ்பரஸில் 1.4 கிராம் தீனிக்குத்தான் ஈடு கட்டுகிறது. தீனியில் பாஸ்பரஸ் அணு ஒன்றுக்கு நைட்ரஜன் 16 இருக்க, பாசி 30 கேட்கிறது. அதனால் நைட்ரேட் முதலில் தீர்ந்துபோகும், பாஸ்பேட் மிஞ்சும். "பாசி வைத்தேன், நைட்ரேட் பூஜ்யமாகிவிட்டது, பாஸ்பேட் மட்டும் இறங்கவே மாட்டேன் என்கிறது" என்ற புலம்பலைக் கேட்காத பவள வளர்ப்பாளர் இருக்க முடியாது. பாசியின் மேல் குற்றமில்லை. அது தன் உடம்புக்கு எந்த அளவில் வேண்டுமோ அந்த அளவில் எடுத்தது. நைட்ரஜன் தீர்ந்ததும் வளர்ச்சி நின்றது, அத்தோடு பாஸ்பேட்டை எடுப்பதும் நின்றது.

அப்படியானால் செய்ய வேண்டியது முதலில் கேட்கும்போது விசித்திரமாகத்தான் இருக்கும்: நைட்ரேட்டை நாமே சேர்க்க வேண்டும். சோடியம் நைட்ரேட்டோ பொட்டாசியம் நைட்ரேட்டோ கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நைட்ரேட்டை அளக்கக்கூடிய ஓர் அளவில் வைத்திருந்தால் பாசி மறுபடி துளிர்க்கும். அதோடு பாஸ்பேட்டும் இறங்கும். குறைக்க வேண்டும் என்று இத்தனை நாள் போராடியதைக் கையால் ஊற்றுவதற்கு மனம் ஒப்பாது. கணக்கு தெரிந்தால் ஒப்பும். இது பிடிக்காதவர்கள் பாஸ்பேட்டுக்கு மட்டும் தனியாக இரும்பு ஆக்சைடு வடிப்பான் வைத்துக்கொள்ளலாம். அதிலும் நிதானம் தேவை. வேகமாகப் பாஸ்பேட்டை உருவினால் முதலில் அடி வாங்குவது பவளம்தான்.

பாறையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட். பாஸ்பேட் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். நீரில் அளவு குறைந்தால் பிரிந்து வரும். பல காலம் அதிகப் பாஸ்பேட்டில் ஊறிய பாறை உள்ள தொட்டியில் எவ்வளவு பாசி அறுத்தாலும் நீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் எண் அசையாமல் நிற்கும். பாறை திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் அப்படி நிற்கிறது. இந்த நிலையில் எண்ணைப் பார்த்து மனம் தளர்ந்தவர்கள் நிறையப் பேர். வாளியில் விழும் பாசியின் எடையைப் பார்த்தால் வேலை நடப்பது தெரியும்.

அதனால்தான் டெஸ்ட் கிட்டைவிடத் தராசை நான் அதிகம் நம்புகிறேன். நைட்ரேட் பூஜ்யம் என்று கிட் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம்: உண்மையிலேயே சத்து இல்லாமல் தொட்டி பட்டினி கிடக்கலாம், அல்லது வருவதெல்லாம் வந்த வேகத்தில் பாசியின் உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கலாம். நீரை மட்டும் சோதித்து இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. பாசி பெருகுகிறதா இல்லையா என்று பார்த்தால் தெரிந்துவிடும். போதாததற்கு, பல கடற்பாசிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தைத்தான் விரும்பி எடுக்கும். அதை உடம்பில் சேர்க்க அவற்றுக்குச் செலவு குறைவு. ஆகவே நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே வழியில் பிடிபட்டுவிடும் பங்கு கிட்டின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

எந்தப் பாசி என்று கேட்டால் என் பதில் கீட்டோமார்ஃபாதான், சுருக்கமாகக் கீட்டோ. ஓர் இழையை எடுத்து விரல் நடுவே உருட்டிப் பாருங்கள். தூண்டில் நரம்புபோல விறைப்பாக இருக்கும், வழவழப்பு இருக்காது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குட்டிக் குட்டி உருளைகளை வரிசையாகக் கோத்ததுபோல் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு செல். கிளை கிடையாது, வேர் கிடையாது, பாறையைப் பற்றிக்கொள்ளவும் செய்யாது. சிக்கலாக ஒரு பந்தாக மிதக்கும். பிய்த்தால் பிய்ந்து வரும், மிச்சம் தொடர்ந்து வளரும். ஓடிப்போய்த் தொட்டியைப் பிடித்துக்கொள்ளும் பயம் குறைவு. அந்தச் சிக்கலுக்குள் கோப்பிபாடும் ஆம்ஃபிபாடும், அதாவது இறால் இனத்துக் குட்டி உயிர்கள், குடியேறி இரவில் மேலே தொட்டிக்கும் வந்துபோகும். அவற்றைத் தின்று வாழும் மாண்டரின் மீன் வைத்திருப்பவர்களுக்கு அது ஒன்றே போதும்.

காலெர்ப்பா வகைகள் கீட்டோவைவிட அழகு, பல சமயம் வேகமும் அதிகம். ஆனாலும் நான் சிபாரிசு செய்வதில்லை. காரணம் அதன் உடலமைப்பு. தண்டு, இலை, வேர் என்று தனித்தனியாகத் தெரிந்தாலும் முழுச்செடியும் ஒரே செல். உள்ளே தடுப்புச் சுவர் இல்லாமல் எண்ணற்ற உட்கருக்கள் ஓடிக்கொண்டிருக்கும். இனப்பெருக்கத்துக்கு நேரம் வந்தால் உள்ளே இருக்கும் அத்தனையையும் இனச்செல்களாக்கி நீரில் விட்டுவிட்டுச் செடி செத்துப்போகும். கரீபியப் பவளப்பாறைகளில் இது விடியலையொட்டிக் கூட்டம் கூட்டமாக நடப்பதை 1997-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. தொட்டியில் நடந்தால் நேற்று அடர்பச்சையாக நின்றது காலையில் கண்ணாடித்தாள்போல வெளுத்துத் தொங்கும், நீர் பச்சைக் கலங்கலாக இருக்கும். மாதக்கணக்கில் சேர்த்து வைத்த சத்து முழுவதும் ஒரே காலையில் நீருக்குத் திரும்பிவிடும். அடிக்கடி அறுத்து இளசாக வைத்திருந்தால் இந்த அபாயம் குறையும் என்பது வளர்ப்பாளர்களின் பொதுவான அனுபவம். ஒழுங்காக அறுக்கும் கைக்குக் காலெர்ப்பா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒழுங்கு உள்ளவருக்குக் கீட்டோவே போதும்.

உல்வாவும் கிராசிலேரியாவும் வேறு வகையில் நல்லவை. சர்ஜன் மீன்கள் இரண்டையும் விரும்பித் தின்னும். ஹாலிமெடா பார்க்க அழகு, ஆனால் சுண்ணாம்பு உடம்பு; கால்சியத்தையும் காரத்தன்மையையும் பவளத்தோடு போட்டிபோட்டு எடுத்துக்கொள்ளும். சத்துக் கட்டுப்பாட்டுக்கு அதை நம்ப வேண்டாம்.

வெளிச்சம்தான் பெரும்பாலான ரெஃபூஜியங்கள் தோற்கும் இடம். மேலே பவளத்துக்கு விலையுயர்ந்த விளக்கு, கீழே பாசிக்கு ஏதோ மிச்சம் மீதி பல்பு. பிறகு மயிர்ப்பாசி ஏன் காட்சித் தொட்டியில் வளர்கிறது, கீட்டோ ஏன் வளரவில்லை என்று கேட்கிறோம். சத்து இரண்டு இடத்திலும் ஒன்றுதான், ஒரே நீர். வெளிச்சம் எங்கே தாராளமோ அங்கே எடுக்கப்படும். பச்சையம் உறிஞ்சும் சிவப்பும் நீலமும் கலந்த, செடி வளர்ப்புக்கென்றே வரும் எல்இடி விளக்கு இதற்குப் பொருத்தம். பந்தின் வெளிப்புறம் பச்சையாகவும் உட்புறம் வெளிறியும் இருந்தால் வெளிச்சம் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். கலைத்துவிடுங்கள், அறுத்து மெலிதாக்குங்கள். நீரோட்டம் பந்தை மெதுவாகப் புரட்டிக்கொண்டே இருக்கும்படி அமைந்தால் இன்னும் நல்லது. எல்லா இழையும் முறை வைத்து வெளிச்சம் பார்க்கும், அழுக்கும் படியாது.

விளக்கை இரவில் எரிய விடுவதற்குக் காரணம் இருக்கிறது. மேலே விளக்கு அணைந்ததும் பவளத்துக்குள் இருக்கும் பாசிகளின் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், சுவாசம் மட்டும் நடக்கும். கரியமில வாயு ஏறி பிஎச் இறங்கும். அந்த நேரத்தில் கீழே கீட்டோ வேலை செய்தால் அந்த வாயுவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், பிஎச் அவ்வளவு தாழாது. காரத்தன்மைக்கும் ஒரு லாபம் உண்டு. அம்மோனியா நைட்ரேட்டாகும்போது காரத்தன்மையைத் தின்கிறது. பாசி நைட்ரேட்டை எடுக்கும்போது அதைத் திருப்பித் தருகிறது. 50 பிபிஎம் நைட்ரேட் பாசிக்குள் போனால் சுமார் 2.3 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) திரும்பக் கிடைக்கும். நைட்ரேட்டைத் தேங்கவிடும் தொட்டியில் காரத்தன்மை ஏன் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்குகிறது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

விளக்கு சரி, ஓட்டம் சரி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருக்கின்றன, ஆனாலும் கீட்டோ வெளிறி நிற்கிறது என்றால் நான் இரும்பைச் சந்தேகிப்பேன். பாசிக்கு இரும்பு, மாங்கனீஸ், பொட்டாசியம், அயோடின் எல்லாம் வேண்டும். வேகமாக வளரும் பாசி இவற்றை வேகமாகக் காலி செய்யும், நாம் அறுத்து எறியும்போது அவையும் சேர்ந்தே போகும். வழக்கமாக நீர் மாற்றுபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பாசி இருக்கிறதே என்று நீர் மாற்றுவதை நிறுத்தியவர்கள் நுண்சத்தை ஏதாவது ஒரு வழியில் திரும்பக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஸ்கிம்மரை எடுத்துவிடலாமா என்றும் கேட்பார்கள். வேண்டாம். ஸ்கிம்மர் கழிவு மக்குவதற்கு முன்பே ஒரு பங்கை நுரையாக வெளியே தள்ளுகிறது. கழிவு மக்கிய பிறகு மிஞ்சுவதைப் பாசி பிடிக்கிறது. இரண்டும் வேறு வேறு இடத்தில் நிற்கின்றன.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: பூஜ்யம் நம் இலக்கு கிடையாது. இயற்கைப் பவளப்பாறை நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அங்கே பவளத்தின் வாய்க்கு மிதவை உயிர்கள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். நம் தொட்டியில் அது கிடையாது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வீடன்மானும் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நைட்ரேட் தாராளமாக இருந்து பாஸ்பேட் மட்டும் பஞ்சமானால் பவளம் வெப்பத்திலும் ஒளியிலும் எளிதில் வெளுத்துப்போகிறது என்று காட்டினார்கள். இரண்டும் தீர்ந்துபோன தொட்டியில் வேறு ஆபத்து: பாசியும் பாக்டீரியாவும் பின்வாங்கிய இடத்தில் டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற ஒருசெல் உயிர்) வந்து உட்காரும். குமிழி கோத்த பழுப்புச் சளி மணலையும் பவள நுனியையும் மூடும். சில இனங்களின் நஞ்சில் நத்தைகள் சாகும். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் வரை, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை என்ற எல்லைக்குள் நான் நிம்மதியாக இருப்பேன். அதற்குக் கீழே போனால் பாசியின் விளக்கு நேரத்தைக் குறைப்பேன் அல்லது தீனியைக் கூட்டுவேன். மீனுக்கு வயிறாரப் போட முடிவதுதான் பாசி வளர்ப்பதில் எனக்குக் கிடைக்கும் பெரிய சந்தோஷம்.

அறுக்கும் நாளில் பந்தை முழுவதுமாகத் தூக்கி, தொட்டி நீர் நிரப்பிய வாளியில் போட்டு நன்றாக அலசுவேன். ஆம்ஃபிபாடுகள் துள்ளிக்கொண்டு அடியில் இறங்கும். நட்சத்திர மீனைப் போன்ற நொறுங்கு நட்சத்திரங்கள் ஒவ்வொரு கையாக இழையிலிருந்து விடுவித்துக்கொண்டு நகரும். அழுக்கு பழுப்புப் பொடியாகப் படியும். உயிர்களைக் குழாயால் உறிஞ்சிச் சம்ப்பில் விட்டு, வண்டலைக் கொட்டிவிடுவேன். பச்சை மங்கிய, அழுக்கேறிய பக்கத்தை எடுத்துவிட்டு, வெளிச்சம் பார்த்த துடிப்பான பகுதியைத் திரும்ப வைப்பது நல்லது. பாதிக்கு மேல் ஒரேயடியாக எடுப்பதில்லை. திடீரென்று எடுப்பு குறைந்தால் நீரில் எண்கள் குதிக்கும். பிழிந்து, எடை போட்டு, குறித்து வைப்பேன். அந்த எண் இரண்டு அறுவடைக்குத் தொடர்ந்து குறைந்தால் டெஸ்ட் கிட் எடுக்கும் நேரம் வந்துவிட்டது.

அறுத்ததை என்ன செய்வது? மீனுக்கே கொடுக்கலாம் என்பார்கள். கொடுக்கலாம்தான், ஆனால் அப்போது அதை வெளியேற்றமாகக் கணக்கு வைக்கக் கூடாது. அந்தச் சத்து சுற்றிவந்து மீண்டும் நீருக்குத்தான் வரும். வெளியிலிருந்து போடும் தீனி அந்த அளவுக்குக் குறைந்தால் மட்டும் லாபம். இன்னொரு வளர்ப்பாளருக்குக் கொடுப்பது நல்ல பழக்கம், வேண்டாத நத்தையும் அனிமோனும் அதில் ஒட்டிப் போகாதபடி பார்த்துக் கொடுக்க வேண்டும். செய்யவே கூடாதது ஒன்று: கடலிலோ, கழிமுகத்திலோ, அங்கே போய்ச் சேரும் வாய்க்காலிலோ கொட்டுவது. காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் ஒரு சதுர மீட்டர் அளவுக்குத்தான் இருந்தது. பிறகு மத்தியதரைக் கடலோரத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. 2000-இல் அதே பாசி கலிபோர்னியாவில் சான் டியேகோ பக்கம் அகுவா ஹெடியோண்டா காயலில் தலைகாட்டியபோது, திட்டுகளைத் தார்ப்பாயால் மூடி உள்ளே குளோரின் செலுத்தி, ஒழிந்துவிட்டது என்று 2006-இல் அறிவிக்கும்வரை பாடுபட வேண்டியிருந்தது. ஒரு துணுக்கிலிருந்து முழுச்செடியாக எழும் உயிர் அது. கீட்டோவாக இருந்தாலும் சரி, வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டோ உறைபெட்டியில் நன்றாக உறையவைத்தோ, அதன் பிறகு குப்பையில் போடுங்கள்.